ஆசியா என்ற கட்டத்தில் இந்திய டைனோசரை எழுதலாமா?

காவேரிப்பட்டணத்துக்கு அருகில் பணிபுரியும் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்காகக் கண்டம் வாரியாக டைனோசர் அட்டவணை தயாரிக்கிறார்கள். இந்தியாவில் கிடைத்தவற்றை ஆசியா என்ற கட்டத்தில் எழுதலாமா? டி. ரெக்ஸ் நம் நாட்டுப் பக்கம் வந்ததுண்டா? ஒரு மாணவன் கல் குவாரி ஓரத்திலிருந்து முட்டை போன்ற கல் ஒன்றைக் கொண்டு வந்து, இது டைனோசர் முட்டைதான் என்று சாதிக்கிறான். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் டைனோசர் வாழ்ந்ததா?"

ஆசிரியை அவர்களுக்கு,

இந்திய டைனோசர்களை ஆசியாவின் கட்டத்தில் எழுத வேண்டாம். இன்றைய வரைபடத்தில் இந்தியா ஆசியாவின் பகுதி என்பது சரிதான். ஆனால் இந்த நிலம் ஆசியாவோடு வந்து மோதத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசர்களின் காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதாவது, டைனோசர்கள் நடமாடிய 16 கோடி ஆண்டுகளில் ஒரு நாள்கூட இந்தியா ஆசியாவை ஒட்டி இருந்ததில்லை. நடுவில் டெத்திஸ் என்ற பெருங்கடல் கிடந்தது. குஜராத்தில் கிடைத்த ராஜாசாரஸையும் மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டரையும் ஒரே கட்டத்தில் எழுதினால், இரண்டும் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ராஜாசாரஸின் உறவினர்களைத் தேட வேண்டிய இடங்கள் மடகாஸ்கரும் அர்ஜென்டினாவும்.

கண்டம் வாரியான பட்டியலில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். அது இடத்தைச் சொல்கிறது, காலத்தைச் சொல்வதில்லை. காலம் இல்லாமல் அந்த இடத்துக்கும் பொருள் இல்லை, ஏனென்றால் இடமே நகர்ந்துகொண்டிருந்தது. இந்தியாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாராபாசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ராஜாசாரஸ் வாழ்ந்தது 7 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பு. அந்த இரண்டுக்கும் இடையிலான காலம், ராஜாசாரஸுக்கும் நமக்கும் இடையிலான காலத்தைவிட நீளமானது. ஆனால் அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றாக வாழ்ந்தவைபோல நிற்கும்.

ஆகவே ஏழு கட்டங்களை விட்டுவிட்டு, ட்ரயாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்று அடுத்தடுத்து வந்த மூன்று காலங்களுக்கு மூன்று வரைபடங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைபடம் ட்ரயாசிக் காலத்தின் பிற்பகுதி, ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது நிலமெல்லாம் பாஞ்சியா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்தது. நன்கு அறியப்பட்ட மிகப் பழைய டைனோசர்கள் அர்ஜென்டினாவின் இஷிகுவலாஸ்டோ என்ற வறண்ட பள்ளத்தாக்கில் கிடைத்தன. அங்கே கிடைத்த இயோராப்டர் ஒரு மீட்டர் நீளமே உள்ள சிறு பிராணி. அதோடு கிடைத்த ஹெரேராசாரஸ் அதைவிடப் பெரிய வேட்டை விலங்கு. பெரிய உடல், பெரிய வால் என்று நாம் கற்பனை செய்யும் டைனோசர்கள் தொடக்கத்தில் இல்லை. அந்தக் காலத்தில் நிலத்தை ஆண்டவை வேறு ஊர்வன. நம் நாட்டிலும் அதே காலத்தைச் சேர்ந்த ஆல்வாக்கேரியா என்ற சிறு டைனோசர் தெலங்கானாவின் கோதாவரிப் படுகையில் கிடைத்திருக்கிறது.

நிலம் ஒன்றாக இருந்ததால் ஒரே வகை விலங்குகள் எங்கும் பரவின. நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளின் முன்னோர் வகையைப் பாருங்கள். ஜெர்மனியில் பிளேட்டியோசாரஸ், தென் ஆப்பிரிக்காவில் மாசோஸ்பான்டைலஸ், சீனாவில் லூஃபெங்கோசாரஸ், கோதாவரிப் படுகையில் ஜக்லபள்ளிசாரஸ், அண்டார்டிகாவில் கிளேசியாலிசாரஸ். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. ட்ரயாசிக் முடிவிலிருந்து ஜுராசிக் தொடக்கம் வரை விரிந்தவை. ஆனால் உடலமைப்பில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். அண்டார்டிகாவின் கிளேசியாலிசாரஸுக்கு நெருங்கிய உறவு சீனாவின் லூஃபெங்கோசாரஸ் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நடந்தே போயிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அண்டார்டிகா என்றதும் பனியில் டைனோசரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது அங்கே பனிப்பாளம் இல்லை, காடு இருந்தது. 1990–91இல் கிர்க்பேட்ரிக் மலைச்சரிவில், 4,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய இடத்தில், தலையில் கொண்டை போன்ற எலும்பு முகடு கொண்ட கிரையோலோபோசாரஸ் கிடைத்தது. இதுவும் ஜுராசிக் தொடக்கத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது வரைபடம் ஜுராசிக். பாஞ்சியா பிளக்கத் தொடங்கிவிட்டது. வடக்கே லாரேசியா, தெற்கே கோண்ட்வானா. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானாவில் ஒட்டிக் கிடந்தன. இந்தக் காலத்தில்தான் சாரோபாட் எனப்படும் நெடுங்கழுத்துப் பெருவிலங்குகள் எழுந்தன. அவற்றின் தொடக்கக் கதையை எழுத இந்தியா இல்லாமல் முடியாது. பிராணஹிதா – கோதாவரிப் படுகையின் கோட்டா பாறை அடுக்கில் பாராபாசாரஸின் எலும்புகள் ஒரே இடத்தில் முந்நூறு அளவில் குவிந்து கிடந்தன. குறைந்தது ஆறு விலங்குகள். தொடை எலும்பு மட்டுமே ஏறத்தாழ 1.7 மீட்டர். பல் கிடைத்தது, மண்டை ஓடு கிடைக்கவில்லை. கண்டெடுத்த இடம் போச்சம்பள்ளி என்று புத்தகங்களில் வரும்போது உங்கள் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துப் போச்சம்பள்ளி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும் நம் போச்சம்பள்ளி அல்ல.

1975இல் அந்த விலங்குக்குப் பெயரிட்டபோது ரவீந்திரநாத் தாகூரின் நினைவாகப் 'பாராபாசாரஸ் தாகூரி' என்று வைத்தார்கள். அதே கோட்டா அடுக்கில் யாமன்பள்ளியில் கிடைத்தது கோட்டாசாரஸ். 2023இல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து தாரோசாரஸ் சேர்ந்தது. 16.7 கோடி ஆண்டுப் பழமையுள்ள இது, டைக்ரியோசாரிட் என்ற நெடுங்கழுத்துக் குடும்பத்தில் உலகில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது. அந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சீனா என்று பரவிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இவற்றுக்கு இன்னும் நிறைய இடம் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். பிள்ளைகள் அமெரிக்க டைனோசர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பாராபாசாரஸைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

ஜுராசிக் முடிவில் வட அமெரிக்காவின் மோரிசன் பாறை அடுக்கில் ஸ்டெகோசாரஸ், அலோசாரஸ் போன்றவை நிறைந்திருந்தன. அதே அலோசாரஸ் அட்லாண்டிக்கின் மறுகரையில் போர்ச்சுகலிலும் கிடைக்கிறது. ஏனென்றால் அட்லாண்டிக் அப்போது குறுகிய நீர்ப்பரப்பாக மட்டுமே இருந்தது. தெற்கே, இன்றைய தான்சானியாவின் டெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை ஜெர்மானியர்கள் தோண்டினார்கள். எலும்புகளை உள்ளூர்த் தொழிலாளர்கள் தலைச்சுமையாக லிண்டித் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். அப்படிப் போன ஜிராஃபடைட்டன் 13 மீட்டருக்கும் மேலான உயரத்தோடு பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. அந்தச் சுமைகாரர்களின் உழைப்பைப் பற்றியும் வகுப்பில் ஒரு வரி சொல்லுங்கள்.

மூன்றாவது வரைபடம் கிரெட்டேசியஸ். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கோண்ட்வானா உடைந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்து ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கியிருந்தன. 13 கோடி ஆண்டுகள் அளவில் அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு இருந்த பிடிப்பும் கழன்றது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கரும் பிரிந்தது. அதன் பிறகு இந்தியா தனித்து வடக்கு நோக்கிப் போனது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகம். கண்டங்கள் நகரும் கணக்கில் அது அசாத்திய வேகம்.

நிலம் பிரிந்தால் விலங்குகளும் தனித்தனி வழியில் மாறும். வடக்கே ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இன்றைய சைபீரியா – அலாஸ்கா பக்கமாக நிலத் தொடர்பு அவ்வப்போது இருந்தது. அதனால்தான் மங்கோலியாவின் டார்போசாரஸும் அமெரிக்காவின் டி. ரெக்ஸும் அத்தனை ஒத்திருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பழைய உறுப்பினரான குவான்லாங், சீனாவில் 16 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் கிடைத்தது; மூன்று மீட்டர் நீளம்தான். சிறியதாகத் தொடங்கிய குடும்பம், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து அத்தனை பெரிதாக வளர்ந்தது. டி. ரெக்ஸ் வாழ்ந்தது 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மட்டும். அப்போது வட அமெரிக்காவுக்கும் நமக்கும் இடையே பெருங்கடல்கள் கிடந்தன. இந்தியாவில் அந்தக் குடும்பத்தின் எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. ஆகவே வரவில்லை என்பதே பதில்.

வராததால் நமக்கு நட்டமில்லை. அந்த இடத்தை இங்கே அபெலிசாரிட் என்ற தெற்கத்திக் குடும்பம் பிடித்திருந்தது. குட்டையான, உயரமான முகம். தடித்த கழுத்து. கைகளோ டி. ரெக்ஸின் கைகளைவிடவும் சிறியவை. அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்குக் கண்ணுக்கு மேலே இரண்டு கொம்புகள். மடகாஸ்கரின் மஜுங்காசாரஸுக்கு நெற்றியில் ஒற்றைப் புடைப்பு. நம் ராஜாசாரஸுக்கும் தலையில் தாழ்ந்த ஒற்றைக் கொம்பு. நர்மதைக் கரையிலும் மடகாஸ்கரிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இந்த இரண்டும் நெருங்கிய உறவினர்கள். நிலங்கள் பிரிவதற்கு முன்பிருந்த பொது முன்னோரின் வழியில் வந்தவை. மஜுங்காசாரஸின் எலும்புகளில் அதே இனத்தின் பல் தடங்கள் பதிந்திருக்கின்றன. தன் இனத்தையே தின்றதற்கு இவ்வளவு தெளிவான சான்று டைனோசர்களில் அபூர்வம்.

ராஜாசாரஸ் கிடைத்த கதையை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஒரு குவாரியில் தொடங்குகிறது. குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ரஹியோலி என்ற ஊர். 1981இல் அங்கே சிமென்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டிய தொழிலாளர்கள், கையில் சிக்கிய உருண்டைக் கற்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரிடம் கொடுத்தார்கள். அவை டைனோசர் முட்டைகள். அடுத்த சில ஆண்டுகளில் அதே இடத்திலிருந்து எலும்புகளும் வந்தன. அந்த எலும்புகள் பல ஆண்டுகள் காத்துக் கிடந்து, 2003இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்ற பெயரைப் பெற்றன. ஏறத்தாழ 7 மீட்டர் நீள விலங்கு அது.

அதே குஜராத்தில் இன்னொரு கல்பாளம் கிடைத்தது. டைனோசர் கூடு என்று எடுத்து வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதற்குள் ஒரு பாம்பின் முதுகெலும்பும் சுருண்டு கிடப்பதைக் கவனித்தார்கள். 3.5 மீட்டர் நீளப் பாம்பு, உடைந்த முட்டை ஒன்றைச் சுற்றி வளைத்துக் கிடக்க, பக்கத்திலேயே அரை மீட்டர் நீள டைனோசர் குஞ்சு. அந்த நிலையிலேயே மண் வந்து மூடியிருக்கிறது. சனாஜே என்று பெயரிட்டு 2010இல் வெளியிட்டார்கள். உலகில் வேறெங்கும் இப்படி ஒரு காட்சி கல்லாகிக் கிடைத்ததில்லை. எனக்குப் பிடித்த இந்தியப் புதைபடிவம் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதை 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவை டைட்டனோசர் எனப்படும் நெடுங்கழுத்து வகையின் முட்டைகள். பெருத்த உடலுக்கு முட்டை சிறிதுதான், குறுக்களவு பெரும்பாலும் 15 முதல் 17 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்து மக்கள் பரம்பரையாகக் குலதெய்வமாக வைத்து வணங்கி வந்த உருண்டைக் கற்களிலும் சில இந்த முட்டைகளே என்று பின்னர் தெரிய வந்தது.

இந்த டைட்டனோசர்கள் என்ன தின்றன என்பதும் தெரியும். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லான சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, புல்லின் உடலில் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் தெரிந்தன. 2005இல் அது வெளியானபோது உலகம் வியந்தது. டைனோசர் காலத்தில் புல்லே பரவவில்லை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். அந்தத் துகள்களில் சில நெல் குடும்பத்தின் பழைய உறவுகளுடையவை என்று பிறகு காட்டினார்கள். நெல்லும் ராகியும் விளையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடைக்காது.

மற்ற நிலங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் படகோனியாவில், அர்ஜென்டினோசாரஸும் படகோடைட்டனும் கிடைத்தன. நிலத்தில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியவற்றின் வரிசையில் இவை நிற்கின்றன. இரண்டிலுமே முதல் எலும்பைக் கண்டது பண்ணைகளில் வேலை செய்தவர்கள்தான். ஆப்பிரிக்காவில், எகிப்தில் கிடைத்து 1915இல் விவரிக்கப்பட்ட ஸ்பைனோசாரஸின் முதல் எலும்புகள், 1944இல் மியூனிக் நகரின்மேல் விழுந்த குண்டுகளில் அழிந்தன. பின்னர் மொராக்கோவில் கிடைத்தவற்றைக் கொண்டுதான் அது நீரை ஒட்டி வாழ்ந்த விலங்கு என்று தெளிந்தது. ஐரோப்பா அப்போது தீவுக் கூட்டம். ருமேனியாவின் ஹட்செக் பகுதி ஒரு தீவு. அங்கே வாழ்ந்த மக்யாரோசாரஸ் டைட்டனோசர் குடும்பமாக இருந்தும் ஆறு மீட்டர் அளவோடு நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா அன்று துருவ வட்டத்துக்குள் கிடந்தது. மாதக்கணக்கில் சூரியன் எழாத குளிர்காலத்தில் லியலினாசாரா போன்ற சிறு டைனோசர்கள் அங்கே வாழ்ந்தன. சீனாவின் லியாவ்னிங்கில் 1996இல் இறகுப் பஞ்சோடு கிடைத்த சினோசாரோப்டெரிக்ஸ், பறவைகள் டைனோசர்களின் கிளையே என்ற வாதத்துக்குக் கண்முன் சான்றானது.

இனி மாணவனின் கல்லுக்கு வருவோம். அது முட்டை அல்ல என்று பார்க்காமலே சொல்லலாம். அவனை ஏமாற்றமடைய விடாமல் இப்படி விளக்குங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் தரை நைஸ், சார்னகைட் போன்ற மிகப் பழைய பாறைகளால் ஆனது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஒகேனக்கல்லில் காவிரி அறுத்துக்கொண்டு பாயும் இடத்தை ஒட்டியுள்ள கார்பனடைட் பாறைகூட 240 கோடி ஆண்டு அளவிலானது. முதல் டைனோசர் தோன்றியது 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பாறை பத்து மடங்கு மூத்தது. அதுமட்டுமல்ல, இன்று நாம் காலடியில் மிதிக்கும் சார்னகைட் ஒரு காலத்தில் தரைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருவானது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து அரித்துப் போனதால்தான் அது வெளியே தெரிகிறது. அத்தகைய பாறைக்குள் எலும்பும் முட்டையும் இருக்க வழியில்லை.

அப்படியானால் உருண்டை எங்கிருந்து வந்தது? நம் பக்கத்தில் நைஸ் பாறையை வெட்டிக்கொண்டு கறுப்பு நிற டோலரைட் பாறைச் சுவர்கள் ஓடுகின்றன. குவாரிக்காரர்கள் 'கறுப்பு கிரானைட்' என்று வெட்டி அனுப்புவது பெரும்பாலும் இதைத்தான். இந்தப் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் இருக்கும். மழைநீர் விரிசல் வழியே இறங்கி, கட்டியின் மூலைகளை முதலில் கரைக்கும், ஏனென்றால் மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் நீர் தாக்குகிறது. மூலைகள் போகப் போகக் கட்டி உருண்டையாகிறது. வெளிப்புறம் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து, பழுப்பு மண்ணாகி, நடுவில் கறுப்பு உருண்டை மட்டும் மிஞ்சும். ஓடும் கருவும் போலவே தோன்றும். சந்தேகம் வருவது இயல்பு.

பள்ளி ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டால் நுரைக்கும். டோலரைட் நுரைக்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நம் செம்மண் நிலங்களில் வெள்ளைச் சுக்கான் கல் நிறைய உண்டு, அதுவும் நுரைக்கும். விரல் போலவும் மூட்டு போலவும் விளைந்து எலும்பு என்று பலரை மயக்கியது அது. ஆகவே நுரைத்தாலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். டைனோசர் முட்டையின் ஓடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சீரான கனத்தில், காற்றுத் துளைகளோடு இருக்கும். சுக்கான் கல்லில் அந்தச் சீர் இருக்காது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் மண் எடுத்தபோது கிடைத்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று கைப்பேசிகளில் பரப்பினார்கள். பார்த்த புவியியலாளர்கள், அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி உருண்ட படிவுக் கட்டிகள் என்று தெளிவுபடுத்தினார்கள்.

எலும்பு கிடைக்காது என்பதால் டைனோசரே வாழவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. எலும்பு கல்லாக வேண்டுமானால் அதை உடனே மண் மூட வேண்டும். அந்த மண் பிறகு அரித்துப் போகாமல் தங்கவும் வேண்டும். கிரெட்டேசியஸ் காலத்தில் நம் மாவட்டம் மேட்டு நிலம். மண் இங்கே தங்கவில்லை, ஆறுகளோடு கிழக்கே போனது. அந்த மண் படிந்த இடம்தான் காவிரிப் படுகை, இன்றைய அரியலூர், பெரம்பலூர். அங்கே கள்ளமேடு என்ற ஊரில், அந்தக் காலத்து ஆறுகள் கொட்டிய மணல் அடுக்கில், டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மேற்கே உள்ள மேட்டு நிலத்துக்கும் அந்த ஆற்றுச் சமவெளிக்கும் இடையே கடலோ மதிலோ இல்லை. நம் மாவட்டத்திலும் அவை நடமாடியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கள்ளமேட்டில் கிடைத்தது சாதாரண விலங்கு அல்ல. 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு புவியியலாளர்கள் அதற்கு பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பே இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். முதலில் ஊன் உண்ணி என்று எண்ணினார்கள். பின்னர் டைட்டனோசர் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த எலும்புகள் அளவுக்கு மீறிச் சிதைந்து பொடியாகிப் போயின. இன்று மிஞ்சியிருப்பவை வரைபடங்களும் பழைய புகைப்படங்களுமே. 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு அதன் எடையை 110 டன்னுக்கும் மேல் என்கிறது. எலும்பே இல்லாத நிலையில் அதை ஐயத்தோடு ஏற்பவர்களும் இருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய நில விலங்கு தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கக்கூடும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வாழ்ந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். அதே எச்சரிக்கை திராவிடோசாரஸுக்கும் பொருந்தும். 1979இல் அதைத் தட்டு முதுகுள்ள ஸ்டெகோசாரஸ் வகை என்று பெயரிட்டார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் அது கடல் ஊர்வனவின் எலும்பாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். அட்டவணையில் அதை விட்டுவிடுவது நல்லது. கள்ளமேட்டில் கிடைத்த ஒரு பல் மடகாஸ்கரின் சிமோசூகஸ் என்ற முதலை வகையின் பல்லை ஒத்திருப்பதாக 2013இல் எழுதினார்கள். தமிழ்நாட்டு மண்ணும் மடகாஸ்கர் மண்ணும் ஒன்றாக இருந்ததை இங்கிருந்தே காட்டும் சான்று அது. அதைக் கட்டாயம் சேருங்கள்.

அட்டவணையை இப்படி மாற்றலாம். மேலிருந்து கீழாக மூன்று வரிசை: ட்ரயாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ். ட்ரயாசிக் வரிசையில் ஒரே ஒரு நீண்ட கட்டம், பாஞ்சியா. ஜுராசிக்கில் லாரேசியா, கோண்ட்வானா என்று இரண்டு. கிரெட்டேசியஸில் கட்டங்கள் பலவாகப் பிரியட்டும். ஆசியாவும் வட அமெரிக்காவின் மேற்கும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கட்டும், இந்தியா தனிக் கட்டமாகக் கடல் நடுவே நிற்கட்டும். கீழே போகப் போகக் கட்டங்கள் உடைவதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குக் காரணம் தானாகப் புரியும்.

ஒரு நாள் பயணம் சாத்தியமானால் சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு அழைத்துப் போங்கள். நம் பக்கத்துச் சாத்தனூர் அணை அல்ல, இது வேறு சாத்தனூர். அங்கே 1940இல் கண்டறியப்பட்ட கல்மரம் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. டைனோசர் காலத்து மரம். வழியில் காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் பள்ளங்களில் அந்தக் காலத்துக் கடலின் அடித்தளத்தையே பார்க்கலாம். எதையும் பெயர்த்து எடுக்க வேண்டாம்.

முழு எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நம் ஊர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால் ஐதராபாத் வரும். அங்கே பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் யாமன்பள்ளியின் கோட்டாசாரஸ் நிற்கிறது, ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். போவதற்கு முன்பு அட்டவணையில் அதன் பெயரைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்: ஜுராசிக் வரிசை, கோண்ட்வானா கட்டம்.